ஒடெல் வீட்டுக்கு அடியில் பதினான்கு பீப்பாய்கள்

சியாட்டில் நகரத்து ஏரியில் மிதக்கிற வீடுகளுக்கு அடியில் மிதவைகளைச் சரிபார்க்க இருபத்து மூன்று வருஷமாக முங்கி எழுகிறவள் ஹில்டி. அந்த வீடுகளில் குடியிருப்பவர்கள் அவளை வாசலோடு நிறுத்தித்தான் பேசுவார்கள். ரப்பர் உடுப்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் அவர்கள் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டின் ஒரு மூலை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தால் தண்ணீரிலிருந்து தலையை நீட்டி, "பியானோ வாங்கிப் போட்டீங்களாக்கும்?" என்பாள். ஒருமுறை ஒரு மூலை திடீரென்று உயர்ந்திருந்தது. "என்னம்மா, வீட்டுக்காரர் எடை தூக்குற இரும்பையெல்லாம் வித்துட்டாரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரர் இரும்போடு சேர்ந்து தானும் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஹில்டியின் அப்பா மர ஆலைத் தொழிலாளி. ஆற்று முகத்தில் அடைத்துப் போட்ட மரங்களின் மேல் கொக்கிக் கோலோடு ஓடி ஓடி அவற்றை ஆலை வாய்க்குத் தள்ளி விடுகிற வேலை. அவர் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாதவர். அவர் குடும்பத்தில் பெயர் போட்ட சான்றிதழ் ஒன்றை முதன்முதலில் வாங்கியவள் ஹில்டிதான். முங்கு வேலைக்கான சான்றிதழ். பிளாஸ்டிக் உறை போட்டுத் தன் வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தாள். ஐம்பத்தொரு வயதில் இடது காது பாதி போய்விட்டது, முட்டி வலிக்கிறது, ஆனாலும் அந்தக் காகிதத்தைத் துடைக்காமல் அவள் வண்டியை எடுத்ததில்லை.

கனமானது முழுகும், லேசானது மிதக்கும் என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "அப்படின்னா ஒரு ஊசி ஏன் முழுகுது, பத்தாயிரம் டன் கப்பல் ஏன் மிதக்குது?" என்று மல்லுக்கு நிற்பாள். "நீ எவ்வளவு தண்ணிய ஒதுக்கிட்டு உட்கார்றியோ, அவ்வளவு தண்ணியோட எடைக்கு அது உன்னைத் தூக்கிப் பிடிக்கும். அதுக்கு மேல ஒரு சுண்டைக்காய் கூடத் தூக்காது. தண்ணிக்கு ஓரவஞ்சனை தெரியாது. பணக்காரன் ஏழைன்னும் தெரியாது."

இந்தக் கடைசி வார்த்தையை அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் எட்டாம் எண் வீட்டு விஷயத்தில் அவளே அதை மறந்து போனாள் என்பதுதான் அவளால் இன்றுவரை பொறுக்க முடியாத சங்கதி.

எட்டாம் எண் வீடு ஒடெலுடையது. ஒடெல் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பத்தெட்டு வயது, கட்டை பிரம்மச்சாரி. சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒற்றை மாடி வீடு. அத்தை அவருக்கு விட்டுப்போனது. தொண்ணூறு வருஷத்துக்கு முன் ஏரியில் இறக்கிய ஒன்பது தேவதாரு மரங்களின் மேல் அது மிதந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மரமும் இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன்.

அதை ஒட்டிக் கிழக்கே ஒன்பதாம் எண். நாலு வருஷத்துக்கு முன் ப்ரெஸ்காட் என்பவர் அந்த இடத்தை வாங்கி, இருந்த பழைய வீட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, இரண்டு மாடி வீடொன்றை இழுத்து வந்து கட்டினார். அடியில் மரம் கிடையாது, கான்கிரீட் தொட்டி. "கான்கிரீட் எப்படிங்க மிதக்கும்?" என்று வீடுகள் கட்டியிருக்கிற அந்தத் துறையே வேடிக்கை பார்த்தது. ஹில்டிக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. கான்கிரீட்டா மிதக்கிறது? அதற்குள் அடைத்து வைத்த காற்றல்லவா மிதக்கிறது.

வந்த வருஷமே ப்ரெஸ்காட் ஒடெலிடம் பேசினார். காற்றடிக்கும்போது இரண்டு வீடும் முட்டிக்கொள்கின்றன, நடுவில் போட்ட நடைபலகை மேலும் கீழும் ஆடுகிறது, அடியில் குறுக்காக ஓர் இரும்பு உத்தரம் வைத்து இரண்டையும் போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் ஆடாது என்றார். "அண்டை வீட்டுக்காரங்க நாம. சேர்ந்து நின்னா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?" ஒடெல் சந்தோஷமாகத் தலையாட்டினார். தன் வீட்டையும் ஒருவர் சமமாக மதித்துப் பேசுகிறாரே என்ற சந்தோஷம்.

அடுத்த ஒன்றரை வருஷத்தில் ஒடெல் வீட்டின் கிழக்குப் பக்கம் இறங்க ஆரம்பித்தது.

பழைய வீடு ஒன்று இறங்கினால் அந்த ஏரிக்காரர்கள் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான். மரம் ஊறிப் போச்சு. ஹில்டியும் அதையேதான் சொன்னாள். பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீரை நிரப்பி அடியில் கொண்டுபோய், துளை கீழே பார்க்க மரத்துக்கு அண்டை கொடுத்துக் கட்டி, குழாய் வழியாகக் காற்றை ஏற்றினாள். காற்று புகப் புகத் தண்ணீர் வெளியேறியது. கிணற்றில் குடத்தைக் கவிழ்த்து அமுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்படித் திமிறிக்கொண்டு மேலே வரும் என்று. ஒரு பீப்பாய் இருநூறு கிலோவைத் தூக்கும். முதலில் இரண்டு வைத்தாள். நாலு மாதத்தில் இன்னும் மூன்று. அப்புறம் இரண்டு. இப்படியே இரண்டு வருஷத்தில் பதினான்கு பீப்பாய்.

ஒவ்வொரு தடவையும் சுத்தியலால் மரங்களைத் தட்டிப் பார்த்தாள். ஊறிய மரம் ஈரச் சாக்கை அடித்த மாதிரி மொத்தென்று சொல்லும். ஒடெல் வீட்டு மரங்களோ நங் நங்கென்று குரல் கொடுத்தன. கை சொன்னதை அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பழைய மரம், ஊறாமல் இருக்குமா என்று ஊரோடு ஒத்துப் போனாள்.

அக்டோபரில் குடியிருப்போர் சங்கம் ஒரு மதிப்பீட்டாளரை அழைத்து வந்தது. அவர் பளபளக்கிற தோல் செருப்போடு நடைபலகையில் நின்று, குனிந்து, செல்போனில் நாலு படம் எடுத்தார். தண்ணீரில் ஒரு விரலைக்கூட நனைக்கவில்லை. "மிதவை மரங்கள் ஆயுள் முடிந்தவை" என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுத் தரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி இல்லாத வீடு துறையில் நிற்கக் கூடாது என்பது சங்கத்து விதி. எட்டாம் எண்ணின் கிழக்குப் பக்கத்தில் ஆறு விரற்கடைதான் மிச்சம். நவம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுத் தீர்மானிப்பது, நிறைவேறினால் முப்பது நாளில் வீட்டை இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஒடெலின் கதவில் காகிதம் ஒட்டினார்கள்.

இழுத்துக்கொண்டு எங்கே போவது? அந்த ஏரியில் வேறெங்கும் கட்ட ஓர் இடம் இல்லை. துறையை விட்டுப் போகிற பழைய வீட்டுக்கு ஒரே போக்கிடம், வீடுகளை உடைத்துப் பிரிக்கிற கிடங்குதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஹில்டி வந்தாள். மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஒடெல் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். சட்டியில் எண்ணெய் முழுதும் கிழக்குப் பக்கம் ஓடிக் கிடந்தது. முட்டையின் ஒரு பாதி தீய்ந்தும் மறுபாதி வழவழவென்றும் இருந்தது.

"வா, தவளை," என்றார் ஒடெல். "சாகப் போற வீட்டுக்கு நாடி பார்க்க வந்தியா?"

"வாயைக் கழுவுங்க டிரைவரே. அடுப்புக் காலுக்கு அடியில பேப்பர் மடிச்சு வைக்கச் சொன்னேனே?"

"வச்சேன். பேப்பரு பத்தலை. இப்ப டெலிபோன் டைரக்டரி வச்சிருக்கேன். அதுக்கு மேல பைபிளைத்தான் வைக்கணும்." சிரித்தார். உடனே சிரிப்பு அடங்கிவிட்டது. "அட்டைப்பெட்டி வாங்கிட்டு வந்துட்டேன் ஹில்டி. அத்தையோட பீங்கான் தட்டையெல்லாம் கட்டிட்டேன்."

"கூட்டத்துக்குப் போகலியா?"

"ப்ரெஸ்காட் வீட்டுலதானே கூட்டம். அவர் வீட்டுக் கூடத்துலதான் எல்லாரும் உட்கார இடம் இருக்காம். என்னை இழுத்துட்டுப் போகலாமா வேணாமான்னு அவங்க கை தூக்குறதை நான் அவர் வீட்டு மீனைத் தின்னுக்கிட்டே பார்க்கணுமா?"

ஹில்டி உடுப்பை இழுத்து மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கிழக்குக் கடைசி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தாள். போன மாதம் அந்த மரத்தில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே வெள்ளைப் பெயிண்டால் அவளே ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். கோடு இன்னும் தண்ணீருக்கு மேலேதான் தெரிந்தது.

தலைக்கு மேலே நடைபலகையில் காலடிச் சத்தம். கூட்டத்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒன்பதாம் எண்ணின் கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. "வாங்க வாங்க, செருப்பை அங்க விட்டுருங்க," என்று ப்ரெஸ்காட்டின் குரல்.

கோடு தண்ணீரைத் தொட்டது.

அலையாக இருக்கும் என்று நினைத்தாள். இன்னும் நாலு பேர் போனார்கள். கோடு பாதி நனைந்தது. அவள் படகு ஏதும் போகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். ஏரி சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது, மழைப் புள்ளிகளைத் தவிர. அடுத்து ஆறேழு பேர் மொத்தமாகப் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். கோடு முழுகிவிட்டது.

ஹில்டி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒடெல் வீட்டுக்குள் ஒருவரும் நுழையவில்லை. அவர் ஒருத்தர்தான், அவரும் பாதி வெந்த முட்டையோடு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வீட்டுக்குள் ஆள் போகப் போக இந்த வீடு ஏன் இறங்குகிறது?

முங்கினாள். கலங்கல் தண்ணீரில் கையால் தடவிக்கொண்டே போய் அந்த இரும்பு உத்தரத்தைப் பிடித்தாள். இரண்டு பக்கமும் தலா நாலு போல்ட். உத்தரம் விறைத்து, இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்துப் போல்ட் நாலும் கீழ்நோக்கி வளைந்திருந்தன.

நுகத்தடி. ஒரு நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளில் கொழுத்தது படுத்துவிட்டால், மற்றதன் கழுத்து தானாக மடங்கத்தானே செய்யும்? மடங்கின கழுத்தைப் பார்த்து ஊரெல்லாம், ஐயோ கிழட்டு மாடு, கசாப்புக்கு அனுப்பு என்கிறது.

மேலே வந்தவள் முஷ்டியால் தண்ணீரை ஓங்கி அடித்தாள். ப்ரெஸ்காட் மேல் இருந்த கோபம் கொஞ்சம்தான். தன் மேல்தான் அதிகம். பதினான்கு பீப்பாய்! ஒவ்வொன்றையும் தன் கையால் சுமந்துபோய்க் கட்டினாளே, அது யார் வீட்டைத் தூக்கியது? ஒடெல் தீய்ந்த முட்டையைத் தின்றுகொண்டு, ஓவர்டைம் ஓட்டிக்கொண்டு, ஒன்பதாம் எண் மாளிகையைத் தோளில் சுமந்திருக்கிறார். சுமை வைத்தவள் இவள்.

"டிரைவரே!" என்று கத்தினாள். "வெளிய வாங்க! குடையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வாங்க! இந்த மரத்துக்கிட்ட குப்புறப் படுங்க. வெள்ளைக் கோடு தெரியுதா?"

"தண்ணிக்குள்ள இருக்கு."

"அதையே பாருங்க. மேல வந்தா மேலன்னு கத்துங்க. முழுகுனா முழுகிருச்சுன்னு கத்துங்க. வேற எதுவும் கேக்காதீங்க."

ஹில்டி நடைபலகையில் ஏறி, ஒன்பதாம் எண்ணின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இருபத்து மூன்று வருஷத்தில் கூப்பிடாமல் ஒரு வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைக் கம்பளத்தில் ஏரித் தண்ணீர் வழிந்தது. இருபத்திரண்டு பேர் மேற்குப் பக்கத்துப் பெரிய ஜன்னலோரம், கையில் புகையூட்டிய சால்மன் தட்டோடும் வைன் கிளாஸோடும் நின்றிருந்தார்கள். சங்கத் தலைவி லோரெய்ன் கண்ணாடியை மூக்குநுனியில் தள்ளி, காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள்: "...ஆகவே எட்டாம் எண் வீட்டை..."

"நிறுத்துங்க," என்றாள் ஹில்டி.

"ஹில்டி, இது சங்க உறுப்பினர்கள் கூட்டம்," என்றாள் லோரெய்ன்.

"தெரியும். அதான் நனைஞ்ச உடுப்போட ஓடியாந்து நிக்கிறேன். எல்லாரும் ஒரு நிமிஷம் தட்டோட, கிளாஸோட அந்தக் கிழக்குச் சுவர்ப் பக்கம் போங்க."

ப்ரெஸ்காட் முன்னால் வந்தார். மென்மையான குரல். கோபம் வந்தாலும் இஸ்திரி கலையாத மனிதர். "என்ன விஷயம்னு சொன்னீங்கன்னா நல்லாருக்கும். கம்பளம்..."

"கம்பளம் காயும் சார். போங்கன்னா போங்க. நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன்."

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். கிழக்குச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டார்கள். வெளியே மழையில் குப்புறப் படுத்திருந்த ஒடெலின் குரல் கேட்டது.

"மேல வருது! ஏ தவளை, கோடு மேல வந்துருச்சு!"

"இப்ப எல்லாரும் திரும்ப ஜன்னலுக்கு வாங்க."

வந்தார்கள்.

"முழுகிருச்சு!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹில்டி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை," என்றாள். அந்தப் பெரிய மனிதர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மறுபடி கிழக்கே போனார்கள், மறுபடி மேற்கே வந்தார்கள். மேல வந்துருச்சு, முழுகிருச்சு, என்று மழைக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டேயிருந்தது. மூன்றாம் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"ஒடெல் வீட்டுக்குள்ள யாராவது போனீங்களா?" என்றாள் ஹில்டி. "இல்லையில்ல? நீங்க இங்க நடந்தா அது ஏன் அங்க ஆடுது? அந்த இரும்பு உத்தரம். இந்த வீட்டோட கனம் அது வழியா அந்த வீட்டுத் தோள்ல இறங்கியிருக்கு."

"இந்த வீட்டோட மிதவைக்கு இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட கணக்கு இருக்கு," என்றார் ப்ரெஸ்காட். "எவ்வளவு எடை தாங்கும்னு தெளிவா இருக்கு."

"இருக்கும் சார். அந்த இன்ஜினியர் சரியாத்தான் போட்டிருப்பாரு. அவர் கையெழுத்துப் போட்டப்ப உங்க மொட்டை மாடியில தோட்டம் இருந்துச்சா?"

ப்ரெஸ்காட் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"எப்ப போட்டீங்க?"

"ரெண்டரை வருஷம் இருக்கும்."

"எவ்வளவு மண்ணு?"

"அஞ்சு டன். ஆனா அது லேசு ரக மண். கடைக்காரரே சொன்னாரு."

"காய்ஞ்சிருக்கும்போது லேசு. நவம்பர் மாசம் இந்த ஊர்ல எந்த மண்ணு சார் காய்ஞ்சு கிடக்கு?" ஹில்டியின் குரல் உடைந்து ஏறியது. "ரெண்டரை வருஷம் முன்னாடி நீங்க மண்ணு ஏத்துனீங்க. ரெண்டு வருஷமா அவர் வீடு இறங்குது. நான் ஒரு கூமுட்டை, மரம் ஊறிப்போச்சுன்னு பீப்பாய் மேல பீப்பாயா வச்சேன். பதினாலு பீப்பாய்! ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோ! அவ்வளவும் இந்த வீட்டைத் தூக்கிப் பிடிச்சிருக்கு. உங்க வைன் கிளாஸ் சிந்தாம நிக்குதே, அது உங்க இன்ஜினியராலயா? பக்கத்து வீட்டு பஸ் டிரைவராலயா?"

லோரெய்ன், "ஆனா மதிப்பீட்டாளர் தெளிவா எழுதியிருக்காரே, மரங்கள் ஆயுள்..." என்று காகிதத்தைத் தேடினாள்.

"அந்த மனுஷன் செருப்பைக்கூடக் கழட்டலையே அம்மா! நான் தட்டிப் பார்த்தவ. நங்குன்னு கேக்குது. தண்ணிக்குள்ள கிடக்கிற மரம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. என் பேச்சு வேணாம். அந்த உத்தரத்தைக் கழட்டிப் பார்ப்போம். ஒடெல் வீடு முழுகுச்சுன்னா நீங்க இழுத்துட்டுப் போங்க, நானே கயிறு கட்டித் தர்றேன்."

"என் அனுமதி இல்லாம யாரும் அதைத் தொடக் கூடாது," என்றார் ப்ரெஸ்காட். இப்போதுதான் இஸ்திரி கலைந்தது.

கதவருகே ஒடெல் வந்து நின்றிருந்தார். முன்பக்கம் முழுக்க நனைந்து, வயிற்றில் பாசி ஒட்டியிருந்தது. கையில் முழ நீள ஸ்பானர்.

"உங்க பக்கத்துப் போல்ட்டைத் தொடலைங்க," என்றார் நிதானமாக. "என் பக்கத்துல நாலு போல்ட் இருக்கு. அது என் வீட்டுல இருக்கு. என் வீட்டுப் போல்ட்டை நான் கழட்டுறதுக்கும் கை தூக்கணுமா?"

யாரும் கை தூக்கவில்லை.

ஹில்டி அவசரப்படவில்லை. அமுக்கி வைத்திருக்கிற வீட்டைச் சட்டென்று விட்டால் துள்ளி எழுந்து ஜன்னலெல்லாம் நொறுங்கிப் போகும். வேனிலிருந்து செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியை எடுத்து வந்து, உத்தரத்தையும் ஒடெல் வீட்டு மரத்தையும் சேர்த்து இறுக்கினாள். அப்புறம் ஒடெல் ஓரத்தில் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் கைவிட்டு ஸ்பானரைப் போட, அவள் முங்கி ஒவ்வொரு போல்ட்டாகப் பிடுங்கினாள். நாலாவது போல்ட் வளைந்து போயிருந்ததால் சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சங்கத்தார் அத்தனை பேரும் குடைகளோடு நடைபலகையில் வந்து நின்றார்கள். அவள் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தளர்த்தினாள்.

எட்டாம் எண் வீடு பெருமூச்சு விட்டது போல் ஒரு சத்தம். கிழக்குப் பக்க மரம் பாசி படிந்த முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரிலிருந்து எழுந்தது. வெள்ளைக் கோடு எழுந்தது, அதற்குக் கீழே ஒரு சாண் அளவு இரண்டு வருஷமாக வெளிச்சம் பார்க்காத மரம் எழுந்தது. இந்தப் பக்கம் ஒன்பதாம் எண்ணின் மேற்கு ஓரம் மெல்ல, மரியாதையாக, அரைச் சாண் இறங்கியது. உள்ளே ஆளில்லாத கூடத்தில் மேசை மேல் விட்டுப்போன கிளாஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு விழும் சத்தம் கேட்டது. நடைபலகையில் நின்ற இருபத்திரண்டு பேரும் அதைக் கேட்டார்கள்.

லோரெய்ன் தொண்டையைச் செருமினாள். "சரி. இந்தச் சூழ்நிலையில தீர்மானத்தை ஒத்தி வைக்கலாம்னு நினைக்கிறேன்."

தண்ணீரில் கிடந்த ஹில்டி விருட்டென்று திரும்பினாள். "ஒத்தி வைக்கிறதா?"

"அடுத்த கூட்டம் வரைக்கும்..."

"ஏம்மா, ஒரு மனுஷன் அட்டைப்பெட்டி வாங்கி அத்தையோட தட்டையெல்லாம் கட்டிட்டு உட்கார்ந்திருக்காரு. அவர் கதவுல காகிதம் ஒட்டும்போது ஒத்தி வைக்கத் தோணலை. இப்பத் தோணுதா? அடிங்க அதை. என் கண்ணு முன்னாடி குறுக்கால கோடு போட்டு அடிங்க."

லோரெய்ன் மழையில் நனைகிற காகிதத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

"கீழ எழுதுங்க. முழுகினது எட்டாம் நம்பர் இல்லை, ஒன்பதாம் நம்பர்னு எழுதுங்க."

"அது தேவையா ஹில்டி? விஷயம்தான் எல்லாருக்கும் புரிஞ்சிருச்சே..."

"அவர் வீடு முழுகுதுன்னு எழுத்துல போட்டீங்க. முழுகலைங்கிறதும் எழுத்துலதான் இருக்கணும். பேச்சு காத்தோட போயிடும்."

எழுதினாள். ப்ரெஸ்காட் அதைப் பார்க்காத மாதிரி தன் சாய்ந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, குரலைத் தணித்து, "அந்தப் பீப்பாயெல்லாம் இப்ப ஒடெலுக்குத் தேவையில்லாம இருக்குமே. அதுல ஒரு பத்து பீப்பாயை இந்தப் பக்கம் மாத்திட்டீங்கன்னா..." என்றார்.

"அது அவர் பீப்பாய். அவர் பஸ் ஓட்டிச் சம்பாதிச்சது. என்னைக் கேக்காதீங்க, அவரைக் கேளுங்க."

ப்ரெஸ்காட் ஒடெலை நிமிர்ந்து பார்த்தார். ஒடெல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மொதல்ல மண்ணை இறக்குங்க," என்றார். "அப்புறம் பேசலாம்."

கூட்டம் கலைந்த பிறகு ஹில்டிக்கு வேலை மிச்சமிருந்தது. சுமை போனதும் ஒடெல் வீடு இப்போது மேற்கே சாய்ந்து நின்றது. பதினான்கு பீப்பாயும் அதை ஒரு பக்கம் ஏந்தித் தூக்கியிருந்தன. அடியில் போய் ஒவ்வொரு பீப்பாயாகக் காற்றை விட வேண்டும். அவளுக்கு உள்ளே தெரியாது, ஒடெலுக்கு வெளியே தெரியாது. அதனால் ஒடெல் அடுப்பில் சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினார். எண்ணெய் மேற்கே ஓடினால் தரையில் கரண்டியால் இரண்டு தட்டு, இன்னும் இறக்கு என்று அர்த்தம்; சமமாக நின்றால் ஒரு தட்டு, நிறுத்து.

ஒவ்வொரு பீப்பாயும் குமிழி குமிழியாகக் காற்றைக் கக்கிக்கொண்டு கனத்துத் தொங்கியது. மேலே தட் தட். இன்னொன்று. தட் தட். ஒன்பதாவது பீப்பாயை விட்ட பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே ஒரு தட்டு. தொண்ணூறு வருஷத்து மரம் கொஞ்சமாவது ஊறியிருக்கும்தானே, அதற்கு ஐந்து பீப்பாய் போதும்.

அவள் ஏறி வந்தபோது ஒடெல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அடுப்புக் காலிலிருந்து எடுத்த டைரக்டரி அவர் கக்கத்தில் இருந்தது.

"உள்ள வா. முட்டை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெந்திருக்கு."

"நனைஞ்சிருக்கேன்."

"நானும்தான்."

ஹில்டி மேசையில் உட்கார்ந்தாள். தட்டு எதிரில் வந்தது. முட்கரண்டியை எடுத்தாள், வைத்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"பதினாலு, டிரைவரே," என்றாள். "பதினாலு பீப்பாய். ஒரு தடவையாவது அந்தப் பக்கம் முங்கிப் பார்த்திருக்கலாம்ல நான்?"

"சாப்பிடு," என்றார் ஒடெல். "திட்டுறதா இருந்தா சாப்பிட்டுட்டுத் திட்டு."

அவள் சாப்பிடவில்லை. ஜன்னல் வழியே ஒன்பதாம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு ப்ரெஸ்காட், மண்வெட்டி எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல், முதல் வாளி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்.

"குனிஞ்சு அள்ளுங்க சார்!" என்று கண்ணாடியைத் திறந்து கத்தினாள் ஹில்டி. "மேல இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது!"